இரண்டாம் உலகப் போரும் வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழரும்

1. முன்னுரை

ஜப்பானியப் படைகள் 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூரைக் கைப்பற்றின. பிரித்தானியப் படைகள் 1945 செப்டம்பர் 9 அன்று சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் மீண்டும் இறங்கின. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலம் மூன்று ஆண்டு எட்டுத் திங்கள். மலாயாவில் தமிழர் குடியேறி வாழ்ந்த நெடுங்காலத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறுகிய காலம். ஆயினும் தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் தம் வாழ்வைக் கணக்கிடும்போது 'ஜப்பான்காரன் காலத்துக்கு முன்', 'ஜப்பான்காரன் காலத்துக்குப் பின்' என்றே பகுத்துப் பேசினர். பிறந்த ஆண்டு தெரியாதவர்க்கும் இந்த எல்லைக்கோடு தெரிந்திருந்தது.

ஒரு பெரும் போர் ஒரு நாட்டின் பொருளியலையும் சமூகத்தையும் எவ்வாறு மாற்றுகின்றது என்னும் பொதுவான வினாவுக்கு நாம் ஒரு சிறு நிலப்பரப்பில் விடை தேட முயல்கின்றோம். கோலா குபு பாருவைத் தலைநகராகக் கொண்ட உலு சிலாங்கூர், ஆற்று முகத்துவாரத்தில் அமைந்த கோலா சிலாங்கூர் ஆகிய இரு மாவட்டங்களே அந்நிலப்பரப்பு. பெரிய போர்களைப் பற்றிய நூல்கள் தளபதிகளையும் தலைநகரங்களையும் பேசுகின்றன. ஒரு லயத்து வீட்டின் அடுப்பில் போர் என்ன செய்தது என்பதைப் பேசுவது பள்ளி வரலாற்றின் கடமையாகும்.

2. போருக்கு முந்திய தோட்டம்

தஞ்சோங் மாலிமிலிருந்து களும்பாங், கெர்லிங், ராசா, பத்தாங் காலி, செரண்டா வழியாக ரவாங் வரை செல்லும் இரயில் பாதையின் இரு மருங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரவியிருந்தன. மேற்கே பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அதற்கப்பால் பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், ஜெராம் ஆகிய ஊர்களைச் சுற்றியும் தோட்டங்களே. கோலா சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றின் பெயரே 'தென்னமரம்' என்பது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917இல் மலாயாவின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை அங்குதான் உருவாக்கினார். உழைத்த மக்களின் மொழி நிலத்தின் பெயரில் நிலைத்துவிட்டமைக்கு இது ஒரு சான்று.

இத்தோட்டங்களின் வாழ்வை மூன்று கயிறுகள் கட்டியிருந்தன எனலாம். போர் செய்த வேலையை விளங்கிக்கொள்ள இம்மூன்றையும் முதலில் அறிதல் வேண்டும்.

முதலாவது, அரிசி. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய நாடுகளிலிருந்து பெற்றது. வயலாகக்கூடிய நிலத்திலும் ரப்பரை நட்டு, அதை விற்ற பணத்தில் அரிசி வாங்குவதே அன்றைய பொருளியல் கணக்கு. உலகில் விளைந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மலாயாவிலிருந்து சென்றது. ஆகவே, தொழிலாளி சீவிய பால் கடல் கடந்து போனால்தான் அவர் வீட்டு உலை கொதிக்கும்.

இரண்டாவது, கப்பல். 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் வரி செலுத்தினர். அந்நிதியைக் கொண்டு தமிழகத்திலிருந்து தொழிலாளர் இலவசமாக அழைத்து வரப்பட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினர். விலை ஏறினால் கப்பல் ஆள்களைக் கொண்டுவரும். விலை வீழ்ந்தால் கொண்டுபோய்விடும். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளியல் மந்தம் வந்தபோது இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் திருப்பி அனுப்பப்பட்டனர். தொழிலாளர்க்கும் இக்கப்பல் ஒரு காப்பாக இருந்தது. நோயுற்றால், முதுமையடைந்தால், மனம் கசந்தால் ஊருக்குத் திரும்பலாம் என்னும் நினைவு அவர்களை விட்டு அகலவில்லை.

மூன்றாவது, துரை. வேலை, கூலி, குடியிருப்பு, அரிசிப் பங்கீடு, மருந்து, பள்ளி, கள்ளுக்கடை ஆகிய யாவும் ஒரே கையில் இருந்தன. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதில் தொடங்கி, கங்காணி, மண்டோர், கிராணி என்னும் படிகள் வழியாக அவ்வதிகாரம் லயம் வரை இறங்கி வந்தது. பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. ஆனால் அப்பள்ளி எவ்வாறு இருக்க வேண்டும் என்பதில் தோட்ட நிருவாகத்தின் விருப்பமே பெரும்பாலும் நின்றது. 1920களின் இறுதியில் வகுக்கப்பட்ட தினக்கூலி ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் ஆகும்.

போர் வருமுன்பே இக்கயிறுகளில் இரண்டு நைந்துகொண்டிருந்தன என்பதை மறத்தல் ஆகாது. இந்திய அரசு 1938இல் உதவித்தொகையுடன் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது. 1941இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும், குழந்தைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் எனவும் கேட்டனர். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். இந்நிகழ்ச்சி நடந்து எட்டுத் திங்களுக்குள் ஜப்பானியர் சிலாங்கூரில் இருந்தனர். எனவே, தன்மான உணர்வைப் போர் உண்டாக்கியது என்று கூறுதல் பொருந்தாது. அவ்வுணர்வு முன்பே இருந்தது. அதை அடக்கிவைத்த அமைப்பைத்தான் போர் உடைத்தது.

3. 1942 ஜனவரி

ஜப்பானியர் 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கி, மேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி விரைந்தனர். 1942 ஜனவரி 7 அன்று தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே சிலிம் ரிவரில் பிரித்தானிய இந்தியப் படைப்பிரிவு ஒரே நாளில் சிதறியது. அதே வாரத்தில் கோலா சிலாங்கூர்க் கடற்கரைப் பகுதியிலும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலும் சண்டை நடந்தது. இவ்வாறு நாம் பேசும் இரு மாவட்டங்களும் கோலாலம்பூரை நோக்கிய இரு வழிகளாயின. ஒன்று மலையடிவாரத்து இரயில் பாதை. மற்றொன்று கடற்கரைச் சாலை.

பின்வாங்கும் படை பகைவர் கையில் எதுவும் கிடைக்காதபடி ரப்பர் இருப்புகளையும் இயந்திரங்களையும் அழித்தது. துரைமார் தெற்கு நோக்கிச் சென்றுவிட்டனர். கிராணிகளும் கங்காணிகளும் தொழிலாளரும் எஞ்சினர். முந்திய ஆண்டு மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தமைக்காகத் தண்டிக்கப்பட்ட மக்கள், துரை வண்டியேறிச் செல்வதைக் கண்டனர். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் வீழ்ந்தது. காப்பாற்றுபவர் என்னும் உரிமையின் மேல் நின்ற அதிகாரம் காப்பாற்றாமல் போனபோது, அதன் அடித்தளமே பெயர்ந்தது. போருக்குப் பிந்திய தொழிற்சங்கங்களின் துணிவுக்கு இக்காட்சியும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

4. அரிசி நின்றது

ரப்பரின் முதன்மையான வாங்குநர்கள் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஆவர். அவர்களோ இப்போது பகைவர். மலாயாவில் விளைந்த ரப்பர் முழுவதும் ஜப்பானுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டதை ஏற்றிச் செல்லவும் போதிய கப்பல்கள் இல்லை. பெட்ரோலுக்கு மாற்றாக ரப்பரிலிருந்து எண்ணெய் வடிக்கும் முயற்சிகளும் நடந்தன. தோட்டங்கள் பல காடு மண்டின. சில இடங்களில் மரங்கள் வெட்டப்பட்டு உணவுப் பயிர் இடப்பட்டது. பால்மரம் சீவுவதையே தொழிலாகக் கொண்ட மக்கள் வேலையற்றவர் ஆயினர்.

பர்மா அரிசி வரவில்லை. இதே பர்மா அரிசி நின்றமை 1943இல் வங்காளத்தைத் தாக்கிய பெரும் பஞ்சத்துக்கும் காரணங்களுள் ஒன்றாகும். கடலின் இரு கரைகளிலும் ஒரே போர் ஒரே வழியில் பட்டினியைக் கொண்டுவந்தது என்பதை மாணவர் நினைவிற் கொள்ள வேண்டும். தோட்டத்தில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கேழ்வரகும் அரிசியின் இடத்தைப் பிடித்தன. புரதமற்ற உணவால் உடல் வீங்கியது. கால்களில் ஆறாப் புண்கள் வந்தன. கொய்னா மருந்து கிடைக்கவில்லை. கொசு ஒழிப்புக்காகக் கால்வாய்களில் எண்ணெய் தெளிக்கும் வழக்கம் நின்றதால் மலேரியா மீண்டும் பரவியது. துணி கிட்டாமல் கோணிச் சாக்கை உடுத்தியவர்களும் இருந்தனர்.

ஜப்பானிய ஆட்சி தன் சொந்த நாணயத்தை அச்சிட்டது. பத்து வெள்ளித் தாளில் வாழைமரப் படம் இருந்தமையால் அப்பணம் முழுவதுமே வாழைமரத்தின் பெயரால் அழைக்கப்பட்டது. தாள் மலிந்தது, பொருள் அருகியது. முடிவில் கைநிறைய நோட்டுக் கொடுத்துச் சிறிதளவு அரிசி வாங்கும் நிலை வந்தது. பிரித்தானியர் திரும்பியதும் அந்நோட்டுகள் செல்லாதவை என அறிவித்தனர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரே நாளில் வெறுந்தாள் ஆயிற்று. நிலம் வைத்திருந்தவர்க்கு நிலம் எஞ்சியது. கடை வைத்திருந்தவர்க்குச் சரக்கேனும் எஞ்சியது. கூலியன்றி வேறொன்றும் இல்லாதவர்க்கு எதுவும் எஞ்சவில்லை. பணவீக்கம் எல்லாரையும் ஒரே அளவாகத் தாக்குவதில்லை என்னும் பொருளியல் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

உலகச் சந்தையிலும் ஒரு நிலையான மாற்றம் நேர்ந்தது. மலாயா ரப்பரை இழந்த அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை நிறுவியது. போர் தொடங்கியபோது மிகச் சிறிதளவே செய்யப்பட்ட செயற்கை ரப்பர், 1945இல் ஆண்டுக்கு ஏழு இலட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தியானது. அன்று முதல் பால்மரத்துக்கு ஒரு நிலையான போட்டி உண்டாயிற்று. பின்னாளில் ரப்பர் தோட்டங்கள் எண்ணெய்ப்பனைக்கு மாறியதற்கு இது ஒரு தொலைக் காரணம். தென்னமரம் தோட்டத்தில் தனித்து நின்ற பயிர், ஒரு தலைமுறைக்குப் பின் வட சிலாங்கூர் முழுவதையும் மூடியது.

5. சயாம் பாதை

சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமான இரயில் பாதை ஒன்றை ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். மலையையும் காட்டையும் மழையையும் ஊடுருவி அதனை அமைக்கப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேரும், ஆசியத் தொழிலாளர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரும் பயன்படுத்தப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்.

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு வெள்ளிக் கூலி, இலவச உணவு, மூன்று திங்களில் ஊர் திரும்பலாம் என்னும் வாக்குறுதிகள் தரப்பட்டன. வேலையும் அரிசியும் இல்லாத இளைஞர்க்கு அது ஒரு வழியாகத் தோன்றியது. சென்றவர் திரும்பாதபோது விருப்பம் நின்று கட்டாயம் வந்தது. ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள்களைத் தர வேண்டும் என்று கேட்கப்பட்டது. இலவசப் படக்காட்சி என அழைத்து, வந்தவரை வண்டியில் ஏற்றிய செய்தி வாய்மொழி நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகின்றது. சரக்குப் பெட்டிகளில் அடைத்துச் சில நாள்கள் பயணம் செய்வித்து, சயாமின் பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டு வழியே நடத்திச் சென்றனர்.

போர்க்கைதிகளிடையே மருத்துவர் இருந்தனர். அதிகாரிகளின் ஒழுங்கமைப்பும் பதிவேடும் இருந்தன. தமிழ்த் தொழிலாளரிடம் இவை எவையும் இல்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பரவிய வாந்திபேதி முகாம் முகாமாக மக்களை அழித்தது. போருக்குப் பின் பிரித்தானியர் தொகுத்த கணக்கின்படி மலாயாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 78,000; இறந்தோர் ஏறத்தாழ 30,000. ஓடிப்போனவர் என ஒரு பெருந்தொகையினரும் அதிற் குறிக்கப்பட்டுள்ளனர். காட்டுக்குள் ஓடியவரில் பலர் அங்கேயே மடிந்திருப்பர் என்பதால், இறப்பு இதனினும் மிகுதி என ஆய்வாளர் பலர் கொள்கின்றனர்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறிக்கப்பட்டு நிற்கின்றன. அப்பாதையில் இறந்த கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக இறந்த ஆசியத் தொழிலாளர்க்குத் தனித்தனிக் கல்லறைகள் இல்லை. அவர்களுடைய பெயர்கள் தோட்டத்துப் பெரட்டுப் புத்தகத்தில் இருந்தன. அப்புத்தகங்களும் போரில் பெரும்பாலும் அழிந்தன. மலேசியத் தமிழ் இலக்கியத்தில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் கல்லறை செய்ய வேண்டிய பணியை ஓரளவு செய்தன.

மொழியியல் நோக்கில் ஒன்றைச் சுட்டுவோம். ஜப்பானியர் இத்தொழிலாளரை 'ரோமுஷா' என்றனர். தோட்டத் தமிழர் அச்சொல்லை ஏற்கவில்லை. அவர்கள் 'சயாமுக்குப் போனவர்' என்றனர். 'இறந்தவர்' எனச் சொல்ல உடல் வேண்டும், சடங்கு வேண்டும், நாள் வேண்டும். இவை இல்லாத இடத்தில் 'போனவர்' என்னும் சொல்லே நின்றது. அது மரணத்தை உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவ்வீட்டுப் பெண் கைம்பெண்ணா, கணவனுக்குக் காத்திருப்பவளா என்பதையும் அச்சொல் முடிவுசெய்யவில்லை.

6. விடுதலைக் கழகமும் பெண்களும்

ஆண்கள் போன பின் லயங்களில் பெண்களும் முதியோரும் குழந்தைகளுமே எஞ்சினர். காடு திருத்திக் கிழங்கு நட்டது, கிடைத்த கூலிக்குச் சென்றது, நோயாளியைக் காத்தது ஆகிய யாவும் பெண்களின் பொறுப்பாயின. பெண்கள் தோட்டத்தில் முன்னரும் உழைத்தவர்களே. ஆனால் குடும்பத்தின் முடிவுகள் அனைத்தையும் தனித்து எடுக்க வேண்டிய நிலை பலர்க்கு இப்போதுதான் நேர்ந்தது.

இதே காலத்தில் இந்திய விடுதலைக் கழகம் மலாயாவெங்கும் கிளைகளை அமைத்தது. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூரில் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21 அன்று ஆசாத் இந்து அரசை அறிவித்தார். தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்திய தேசியப் படையில் சேர்ந்தனர். கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணிப் படையில் ஜானகி தேவர் போன்ற நகர்ப்புறக் குடும்பத்துப் பெண்களோடு, பால்மரம் சீவிய பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். அவர்களுட் பெரும்பாலோர் தாம் பார்த்திராத இந்தியாவுக்காகச் சூளுரைத்தவர்கள்.

இவ்வியக்கத்தை வெறும் வீரக் கதையாக மட்டும் கூறின் உண்மை குறைவுபடும். படையில் சேர்ந்தால் சயாம் பாதைக்குச் செல்வதிலிருந்து தப்பலாம் என்பதும் பலர் சேர்ந்தமைக்குக் காரணமாக இருந்தது. கழகம் ஜப்பானியரோடு கூட்டு வைத்திருந்தும் சயாமுக்கு ஆள் பிடிப்பதைத் தடுத்து நிறுத்த அதனால் இயலவில்லை. ஒரே இனத்து இளைஞரை ஒரே ஆட்சி ஒருபுறம் வீரர் எனப் போற்றியது. மறுபுறம் கூலிகளாகக் காட்டில் மடியவிட்டது. இவ்விரு உண்மைகளையும் ஒருசேர மாணவர்க்குக் கற்பிப்பதே நேர்மையான வரலாறு.

ஆயினும் பயிற்சி முகாம் சமூகத்தில் ஒரு மாற்றத்தை விதைத்தது. பல சாதியினரும் பல மொழியினரும் ஒரே பந்தியில் உண்டனர். கங்காணியின் மகனும் கூலியின் மகனும் ஒரே வரிசையில் நின்றனர். மேடையில் பேசவும் கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் பலர் அங்குதான் கற்றனர். மூடப்பட்ட தோட்டப் பள்ளிகள் சிலவற்றின் இடத்தில் கழகம் பள்ளிகளை நடத்தியது. போருக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குச் சுபாஷ், சந்திரபோஸ் எனப் பெயரிடும் வழக்கம் பரவியது.

7. திரும்பி வந்த பழைய ஆட்சி

துரைமார் 1945இன் இறுதியில் திரும்பியபோது தாம் விட்டுச்சென்ற தோட்டத்தையே மீண்டும் காண்போம் என எண்ணினர். மரங்கள் இருந்தன, மக்கள் மாறியிருந்தனர். அரிசி விலை பன்மடங்கு ஏறியிருக்க, கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. 1946, 1947 ஆண்டுகளில் மலாயா முழுவதும் வேலைநிறுத்தங்கள் பெருகின. கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தது. இந்திய தேசியப் படையில் பயிற்சி பெற்ற எஸ். ஏ. கணபதி அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். ஆசாத் இந்து இயக்கத்தில் பணியாற்றிய ஜான் திவி 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியக் காங்கிரசின் முதல் தலைவரானார். கூடிப் பேசக் கற்ற மக்கள் தமக்கெனப் பேசத் தொடங்கினர்.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நம் வட்டாரம் அதன் களங்களுள் முதன்மையானது. அவ்வாண்டு டிசம்பரில் பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஆயுதமற்ற சீனத் தொழிலாளர் 24 பேர் பிரித்தானியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். 1951 அக்டோபர் 6 அன்று பிரித்தானிய உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, கோலா குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில் கொல்லப்பட்டார். தொழிற்சங்கங்கள் நொறுங்கின. சிதறிக் கிடந்த தொழிற்சங்கங்கள் பி. பி. நாராயணன் முயற்சியால் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றிணைந்து, பேச்சுவார்த்தை வழியை மேற்கொண்டன.

இங்கு ஓர் ஒப்பீடு இன்றியமையாதது. ஜப்பானியர் காலப் பட்டினியிலிருந்து தப்பக் காட்டோரங்களில் பயிரிட்டவர் இரு வகையினர். நகரங்களிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் வந்த சீனர் பலர் போர் முடிந்த பின்னும் அந்நிலங்களிலேயே தங்கினர். 1950க்குப் பின் அரசு அவர்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றியது. அது முள்வேலிக்குள் அடைபட்ட கடுமையான வாழ்வுதான். ஆயினும் காலப்போக்கில் வீட்டுமனை, பள்ளி, கடைத்தெரு உள்ள ஊராக அது வளர்ந்தது. தமிழரோ கிழங்குக் கொல்லையை விட்டுக் கூலிக்காக லயத்துக்குத் திரும்பினர். அவசரகாலத்தில் அவர்களுடைய லயங்களும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டன. ஆனால் அந்த வேலிக்குள் இருந்த மண் கம்பெனிக்கு உரியது. வேலி ஒன்றே, உள்ளிருந்த நிலத்தின் உரிமை வேறு.

8. குடிக்கணக்கு கூறுவது

1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவில் இந்தியர் தொகை ஏறத்தாழ 6,24,000. 1947இல் அது ஏறத்தாழ 6,00,000. பதினாறு ஆண்டுகளில் தொகை வளராமல் குறைந்தது. மந்தக் காலத்தில் திருப்பி அனுப்பப்பட்டோரும், 1938ஆம் ஆண்டுத் தடையும், போர்க்கால இறப்பும் இதற்குக் காரணங்கள்.

இத்தொகையின் உள்ளமைப்பும் மாறியது. 1931இல் மலாயாவில் பிறந்தவர் இந்தியருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 1947இல் ஏறத்தாழ இருவருள் ஒருவர். 1931இல் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறுக்கும் குறைவான பெண்கள் இருந்தனர். 1947இல் அறுநூறுக்கும் மேல். இவ்வெண்களை 'நிலைத்த குடும்ப வாழ்வின் வளர்ச்சி' என ஒரு தொடரில் முடித்துவிடுவது எளிது. அது உண்மையின் ஒரு பகுதியே. பெண்களின் விகிதம் கூடியமைக்கு ஆண்கள் சயாமில் மடிந்ததும் ஒரு காரணம் என்பதை நினைந்து அவ்வெண்ணைப் படித்தல் வேண்டும்.

போருக்குப் பின் கப்பல்கள் மீண்டும் ஓடின. ஆனால் கூலியாள்களை ஏற்றிவரும் பழைய முறை உயிர்பெறவில்லை. 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. 1950களின் தொடக்கத்தில் மலாயாவும் குடிநுழைவைச் சட்டத்தால் இறுக்கியது. எனவே, தோட்டத்துக்கு வேண்டிய அடுத்த தலைமுறைத் தொழிலாளர் தோட்டத்திலேயே பிறந்தனர். வந்து போகும் கூலியாக இருந்த ஒரு கூட்டம், இந்நாட்டின் குடிமக்களாக வேண்டிய ஒரு சமூகமாக மாறியது.

9. முடிவுரை

மூன்று கயிறுகளையும் போர் அறுத்தது என்பதை இதுவரை கண்டோம். அவற்றுள் அரிசிக் கயிறு மீண்டும் கட்டப்பட்டது. 1950, 1951 ஆண்டுகளில் கொரியப் போரால் ரப்பர் விலை மிக உயர்ந்தபோது பழைய பொருளியல் முழுவதுமாகத் திரும்பிவிட்டது போலவே தோன்றியது. துரையின் கயிறு மீண்டும் கட்டப்பட்டாலும் முன்போல் இறுகவில்லை. சங்கமும் சட்டமும் வாக்குரிமையும் இடையே புகுந்தன. கப்பல் கயிறு மட்டும் என்றென்றைக்குமாக அறுந்தது.

அறுந்ததற்கு ஈடாக என்ன கிடைத்தது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. தமிழகத்து ஊருக்குத் திரும்பும் வழி அடைபட்டது. இந்நாட்டு மண்ணில் ஒரு துண்டு நிலம் உரிமையாகவில்லை. வேலை உள்ளவரை வீடு, வேலை போனால் வீடும் போகும் என்னும் ஏற்பாடு, திரும்பிச் செல்ல ஊர் இருந்தவர்க்கு வகுக்கப்பட்டது. திரும்ப ஊர் இல்லாதவர்க்கும் அதுவே தொடர்ந்தது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீடமைப்புக்காக விற்கப்பட்டபோதும், லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் இடரை விளங்கிக்கொள்ள 1945க்குத்தான் நாம் திரும்பிச் செல்ல வேண்டும். போர் ஒரு சமூகத்தை மாற்றுகின்றது என்பது உண்மை. அம்மாற்றத்தின் பயன் யாரைச் சேரும் என்பதைப் போர் முடிந்த பின் வரும் ஆட்சியும் சட்டமும் நில உரிமையும் முடிவுசெய்கின்றன.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். வட சிலாங்கூரின் தமிழ்ப் பள்ளிகள் பலவும் ஏதேனும் ஒரு தோட்டத்தின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. அத்தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர் யாவர் என்பதை மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதலாம். பெயர், உறவுமுறை, எந்த லயத்தில் இருந்தார், யாரை விட்டுச் சென்றார் என்னும் நான்கு செய்திகள் போதும். அவரோடு வழக்கில் இருந்த சொற்களையும் குறித்துக்கொள்ளலாம். பெரட்டுப் புத்தகம் அழிந்த இடத்தில் பள்ளியின் குறிப்பேடு ஒன்று தொடங்கட்டும். போர்க்காலத்தில் குழந்தைகளாக இருந்தோர் மிகச் சிலரே இன்று நம்மிடையே உள்ளனர். ஆதலால் இப்பணியை அடுத்த பள்ளி விடுமுறைக்குள் தொடங்குதல் நன்று.